வாசல் வைத்த வண்டி

1

பினாங்குக்கு நான் வந்து இறங்கி முப்பத்தொரு வருடம் ஆன அன்று காலையில் வசந்தி கேசரி கிண்டினாள். வருடா வருடம் கிண்டுவாள். வந்த தேதி எனக்கு மறந்துபோகும், அவளுக்கு மறக்காது. நான் வந்து நாலு வருடம் கழித்துத்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. ஆனாலும் அந்தத் தேதியை அவள்தான் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே, "இன்னைக்குப் போயி அந்த வண்டியப் பார்த்துட்டு வந்துருவோம்" என்றாள்.

இரண்டு வருடமாக நான் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். கேசரியைப் பாதியில் வைத்துவிட்டுச் சட்டையைத் தேடினேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த வண்டி என்றால், உள்ளேயே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்துக் கட்டிய வேன். மோட்டார் ஹோம் என்கிறார்கள். என் திட்டம் எளிமையானது. ஆயர் ஈத்தாமில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நானும் அவளும் வண்டியிலேயே கிளம்பிவிடுவது. கெடா வயல்கள், பெர்லிஸ், அப்புறம் கிழக்குக் கரை. சாலை முடிகிற இடத்தில் சோறு, விடிகிற இடத்தில் காப்பி. பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு அந்தச் சாலைகள் தெரிய ஆரம்பித்துவிட்டன.

வசந்தியின் நிபந்தனை ஒன்றுதான். மூன்று நாள் வாடகைக்கு எடுத்து இருந்து பார்க்கலாம். அவள் வேண்டாம் என்றால் அதோடு சரி, அந்தப் பேச்சையே நான் எடுக்கக் கூடாது.

பேச்சை நிறுத்திவிட என்னால் முடியும். கால்களைப் பற்றித்தான் எனக்குப் பயம். ஒரு தடவை நான் அவளை விட்டுவிட்டுப் போனவன். மகளுக்கு அப்போது நாலு வயது. லோரியில் தெற்கே ஜொகூருக்கு ஒரு லோடு ஏற்றிக்கொண்டு போனேன், பதினோரு மாதம் கழித்துத்தான் வந்தேன். சண்டை இல்லை, வேறு பெண் இல்லை. பணம் அனுப்பினேன், ஆள் வரவில்லை. காரணம் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. இப்போது ஐம்பத்தெட்டு வயது. இன்னொரு தடவை தனியாகக் கிளம்பிவிடுவேனோ என்று சில காலைகளில் எனக்கே சந்தேகம் வருகிறது. அதனால்தான் இரண்டு பேருக்கான வண்டி.

2

பாலம் தாண்டி செபராங் ஜெயாவில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு கம்பிவேலி போட்ட இடம். பாலன் என்ற தம்பி அங்கே பழைய வேன்களைச் சரிசெய்து விற்கிறான். வெயிலில் வெள்ளையாக நின்றது வண்டி. ஆறு மீட்டர் நீளம். நிற்கிற கப்பல் மாதிரி இருந்தது எனக்கு.

"அண்ணே, ஒளிக்காம சொல்றேன். இங்கிலாந்துல ஓடுன செகண்ட் ஹேண்டு. கம்பெனிக்காரன் செய்றதுலயே ஆகக் கீழ் மாடல் இதான்" என்றான் பாலன். "ஆனா உள்ள ஏறிப் பாருங்க லா. மத்ததுல எல்லாம் நாலு படுக்கை அஞ்சு படுக்கைன்னு அடைச்சு வெச்சிருப்பான், திரும்ப முடியாது. இது ரெண்டே பேருக்கு. அதான் இவ்ளோ இடம்."

அவன் சொன்னது நிஜம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பக்கம் சமையல் மேடை, எதிர்ப்பக்கம் கழிவறையோடு சேர்ந்த குளியலறை. அதற்குப் பின்னால் முழுக்க சோபா, மூன்று பக்கமும் ஜன்னல். நடுவில் இருவர் எதிரும் புதிருமாக நடந்து போகலாம். சோபாவுக்கு அடியிலிருந்து பலகையை இழுத்தால் முழுவதும் ஒரே மெத்தை.

நான் என் வழியில் பரிசோதித்தேன். இங்கே வருவதற்கு முன் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் எட்டு வருடம் வேலை பார்த்தவன். அங்கே பஸ்ஸை வெளியே அனுப்பும் முன் கூரைமேல் ஓஸ் பைப்பை வைத்து அரைமணி நேரம் தண்ணீர் விடுவார்கள். மேஸ்திரி ஜன்னல்களை மூடிவிட்டு, சட்டையைக் கழற்றி, உள்ளே சம்மணம் போட்டு உட்காருவார். கண்ணுக்குத் தெரியாத ஒழுகல் முதுகுக்குத் தெரியும் என்பார். நானும் பாலனைத் தண்ணீர் விடச் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தேன்.

"என்னாக்கா இது, அண்ணன் குளிக்கப் போறாரா?" வெளியே பாலன் கேட்டான்.

"அவருக்கு எங்க போனாலும் சட்டையக் கழட்டணும். நீ தண்ணிய விடு."

தகரத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம். மூடிய வண்டிக்குள் பச்சையாக ஒரு வெளிச்சம். கண்ணை மூடினால் கரூரா செபராங் ஜெயாவா என்று தெரியவில்லை. அரைமணி நேரம் போனதும் தெரியவில்லை. முதுகில் ஒரு சொட்டு விழவில்லை.

ஆனால் நிஜமான பரிசோதகர் வசந்திதான். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தரம் பார்க்கும் வேலை. போன வருடம்தான் ஓய்வு பெற்றாள். கடுகைவிடச் சின்னச் சாமான்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பழகிய கண். ஒவ்வொரு அலமாரிக் கதவையும் ஐந்து தடவை திறந்து மூடினாள்.

"இந்தக் கீல்ல ரெண்டு ஸ்க்ரூ இல்ல. ரிஜெக்ட்."

"போட்டுத் தந்துர்றேன் க்கா."

"அடுப்பு ரெண்டு இருக்கு, ரெண்டு சட்டி ஒண்ணா வைக்க முடியல. இந்தப் பலகை என்னா, காகிதம் ஒட்டுனதா? ஆவி பட்டா உரிஞ்சு வந்துரும். இது என்னா பெட்டி?"

"ஹீட்டர் க்கா. குளிருக்கு."

"பினாங்குலயா?"

"அது ஃப்ரீ க்கா."

"ஏர்கோன் பின்னால இல்ல, ஹீட்டர் ஃப்ரீ. நல்லா வாய்க்கு வந்த மாதிரி விக்கிற தம்பி நீ. வாசல் ஏன் ரோட்டுப் பக்கம் இருக்கு? எறங்கினா மோட்டார்காரன் அடிச்சுட்டுப் போயிருவான்."

"அது வலப்பக்கம் ஓட்டுற ஐரோப்பாக்காரன் டிசைன் க்கா. நிறுத்துறப்ப பார்த்து நிறுத்தணும்."

பதினொரு ரிஜெக்ட் வரைக்கும் எண்ணினேன். பிறகு அவள் சோபாவின் ஒரு பக்கத்தில் நீட்டிப் படுத்துப் பார்த்தாள். எழுந்து, எதிர்ப்பக்கத்திலும் படுத்துப் பார்த்தாள். நடுவில் இருந்த தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது ஆளு வந்தா எங்க படுக்கும்?"

"ரெண்டு பேருக்குத்தான் செஞ்சது, அக்கா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மூன்றாவது ஆள் யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் மகள் மாலினி மெல்பர்னில் இருக்கிறாள். இங்கே வந்து போய் இரண்டு வருடம் ஆகிறது. ஃப்ளாட்டில் அவள் அறையில் இன்றைக்கும் வாராவாரம் படுக்கை விரிப்பு மாற்றப்படுகிறது.

3

இந்த வண்டியை நான் மதிப்பிட்டது தளவாடத்தை வைத்து அல்ல, நான் படுத்த இடங்களை வைத்துத்தான். கரூரில் பாதி கட்டிய பஸ்களில் படுத்திருக்கிறேன். சீட்டு இல்லாத பஸ்ஸுக்குள் காற்று நீளமாக வரும். இங்கே வந்த புதிதில் சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, மாடியில் மாவு மூட்டைகள்மேல் தூக்கம். காலையில் எழுந்தால் தலை நரைத்திருக்கும். பிறகு கட்டட வேலை, தொழிலாளிகளுக்குப் போட்ட பலகைக் கொட்டகை. பிறகு துறைமுகத்தில் லோரி. கொஞ்ச நாள் காலி கண்டெய்னருக்குள் படுத்தோம், கதவை மட்டும் மூட மாட்டோம். எதுவும் வசதி இல்லை. ஆனால் தூக்கம் வந்தது.

துறைமுகத்தில் முதல் நாள் மேற்பார்வையாளர் "கோஸ்தான், கோஸ்தான்" என்று கத்தினார். பின்னால் எடு என்று அர்த்தம், இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. பாராட்டுகிறார் என்று நினைத்து முன்னால் எடுத்துச் சாக்கடையில் விட்டேன். என் மலாய் இன்னும் அந்தச் சாக்கடை ஓரத்தில்தான் நிற்கிறது. மாலினிக்கு ஆறேழு வயதிருக்கும்போதே, கடையில் நான் வாய் திறந்தால் என் கையைப் பிடித்து இழுப்பாள். "பா, நீங்க சும்மா இருங்க, நான் பேசுறேன்." ஆறு வருடம் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், இப்போது எழுதுவது எல்லாம் ஆங்கிலம். நான் அதைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படிக்கிறேன். கைப்பேசியின் தமிழில் என் மகள் ஓர் அரசாங்க அதிகாரி மாதிரிப் பேசுகிறாள்.

அதிகாரி என்றதும் ஞாபகம் வருகிறது. நிரந்தரவாசி என்ற சிவப்பு அட்டை கைக்கு வருவதற்குள் எத்தனை பாரம், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. எல்லாப் பாரத்திலும் ஒரு கட்டம், முகவரி. கண்டெய்னருக்கு என்ன முகவரி எழுதுவது? சாப்பாட்டுக் கடையின் முகவரியை எழுதினேன். கடை மூடிவிட்டது, என் காகிதங்கள் அங்கேயே போய்க்கொண்டிருந்தன. கல்யாணத்துக்குப் பிறகுதான் வசந்தி என் கையிலிருந்து பேனாவை வாங்கி ஆயர் ஈத்தாம் முகவரியை எழுதினாள். அதற்குப் பிறகு எனக்கு வந்த கடிதம் எதுவும் தவறவில்லை.

வண்டியை வாங்கிவிட்டால் முகவரிக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள் என்று ஒரு நாள் கேட்டாள். அப்போது நான் சிரித்துவிட்டேன்.

4

பாலனிடம் அதே வண்டியை மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம். முதல் நாள் நான் எதிர்பார்த்த மாதிரியே போனது. ஜெராய் மலை தூரத்தில் நீலமாக எழுந்து, வளைவுக்கு வளைவு இடம் மாறி நின்றது. வயலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். சாலை இரண்டு வானங்களுக்கு நடுவில் போவது போல் இருந்தது. மாலையில் ஒரு கடற்கரைத் திடலில் நிறுத்தினோம். வசந்தி நெத்திலி சம்பலும் சோறும் செய்தாள், இரண்டு சட்டியையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து. பின்னால் உட்கார்ந்து மூன்று ஜன்னலையும் திறந்துவிட்டுச் சாப்பிட்டோம். கடல் உள்ளே வந்து போனது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு உடனே, "இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றாள்.

இரண்டாம் நாள் மதியம், யான் பக்கம், வயலோரம் ஒரு மலாய்க்கார அம்மாவின் பலகாரக் கடை. பக்கத்துத் திடலில் புல்மேல் நிறுத்தினேன். வாழைப்பழப் பொரியலும் தேத்தண்ணீரும் வாங்கும்போதே மழை இறங்கிவிட்டது. ஓடிவந்து வண்டிக்குள் ஏறிக்கொண்டோம். வெளியே வயலும் மலையும் கரைந்துபோய், வண்டி எங்கேயோ தண்ணீருக்கு அடியில் நிற்பது போல் இருந்தது. கூரைமேல் மழை. முதுகில் ஒரு சொட்டு இல்லை. வாழ்க்கையில் இதைவிட வேறு எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அப்போதுதான் மாலினி வீடியோவில் கூப்பிட்டாள். வசந்தி கைப்பேசியைச் சுற்றிக் காட்டினாள், அடுப்பு, அலமாரி, மழை.

"வாவ், சோ நைஸ் லா மா! இங்க எல்லாரும் இப்படித்தான் போவாங்க. வாங்கிருங்க பா!"

"வாங்கிறலாம்" என்றாள் வசந்தி. "நீ வந்தா எங்க படுப்பேன்னுதான் பார்க்கிறேன். கீழ ஒரு மெத்தை போட்டா..."

"அய்யோ மா, அதெல்லாம் எதுக்கு? நான் வந்தா ஹோட்டல்ல தங்கிக்கிறேன். நீங்க எனக்காக எதுவும் வெச்சிருக்க வேணாம். ஃப்ரீயா இருங்க."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். எங்களை அவிழ்த்துவிடுவதாக நினைத்துச் சொன்னாள். இன்னும் ஏதோ பேசினாள், சிரித்தாள், கைகாட்டினாள், போய்விட்டாள்.

வசந்தி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. மழை விட்டுவிட்டது. இப்படிப்பட்ட அமைதியில் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எழுந்து, உள்வழியாகவே நடந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, வண்டியை எடுத்துவிட்டேன்.

5

பதினைந்து கிலோமீட்டர் போயிருப்போம். பெட்ரோல் போட நிறுத்தினேன். வசந்தி கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே வைக்கப் போனவள், அப்படியே நின்றாள்.

"என்னங்க, செருப்பு எங்க?"

என் கால்களைப் பார்த்தேன். வெறுங்கால். மழையில் ஓடிவந்து ஏறும்போது இருவருமே படிக்குக் கீழே புல்லில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறியிருக்கிறோம். வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. காரில் ஏறும்போது யாரும் செருப்பைக் கழற்றி வெளியே வைப்பதில்லை. இதற்கு வாசல் இருக்கிறது அல்லவா, கை தானாகக் கீழே போய்விட்டது. பிறகு நான் வீட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வசந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாலினி கூப்பிட்டதிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பெட்ரோல் போடுகிற பங்களாதேஷ் தம்பியும் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

திரும்பிப் போனோம். கடைக்கார அம்மா எங்கள் இரண்டு ஜோடியையும் எடுத்து, துடைத்து, தன் பெஞ்சுக்கு அடியில் ஜோடி ஜோடியாக வைத்திருந்தார். மலாயில் அவர் சொன்னது தமிழில் இப்படி வரும்: "உள்ளே தூங்குறீங்கன்னு நெனச்சேன். எட்டிப் பார்த்தா செருப்பு இருக்கு, வீட்டைக் காணோம்!" அவர் மருமகளைக் கூப்பிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். நாங்களும் மறுபடியும் சிரித்தோம்.

வசந்தி செருப்பை மாட்டிக்கொள்ளவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பு இருந்தா ஆளு இருக்குன்னு நெனச்சுக்குவாங்க" என்றாள். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க போனீங்களே, அப்ப. உங்க பழைய செருப்பு ஒண்ணு வீட்டுல கெடந்துச்சு. பிரவுன் கலர். அத எடுத்து வாசல்ல வெச்சேன். தனியா பொம்பளையும் பிள்ளையும் இருக்குன்னு தெரிய வேணாமேன்னு."

நான் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரே எடத்துல கெடந்தா கண்டுபிடிச்சுருவாங்கல்ல. அதனால காலையில வேலைக்குப் போறப்ப உள்ள எடுத்து வெப்பேன், சாயங்காலம் வந்து வெளிய வெப்பேன். ஆளு போயிட்டு வர்ற மாதிரி. சில நாளு கொஞ்சம் கோணலா வெப்பேன். நீங்க அப்படித்தானே கழட்டுவீங்க."

"பதினோரு மாசமுமா?"

"பின்ன? மாலினி ஒரு நாளு கேட்டுச்சு, 'மா, பா வந்துட்டாங்களா'ன்னு. செருப்பப் பார்த்துட்டு. அன்னைக்கு மட்டும் வெக்கல."

"எனக்கு நீ சொல்லவே இல்லையே."

"நீங்க வந்த மறுநாளே அதைத் தூக்கிக் குப்பையில போட்டீங்க, வார் பிஞ்சுருச்சுன்னு. அதுக்கப்புறம் என்ன சொல்றது?"

கடைக்கார அம்மா தட்டில் இரண்டு பழப்பொரியல் கொண்டுவந்து வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவருக்கு நாங்கள் பேசியது புரிந்திருக்காது. வயலில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து அவள் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தேன். அதற்குமேல் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

அன்று மாலை நான் வண்டியை எடுக்கவில்லை. அந்தத் திடலிலேயே இருந்தோம்.

6

மூன்றாம் நாள் செபராங் ஜெயாவில் பாலன் கேட்டைத் திறந்து, "கோஸ்தான் அண்ணே, கோஸ்தான், இன்னும் இன்னும்" என்று கையாட்டி உள்ளே விட்டான். இப்போதெல்லாம் எனக்கு அது புரிகிறது. வழி நெடுக வசந்தி ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வாள் என்று நானே முடிவு செய்துகொண்டு, இனி இந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று மனதுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டுதான் வந்தேன். அவளைக் கேட்கவும் எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

"எப்படிக்கா? பாஸா?" என்றான் பாலன்.

"பின்னால ஏர்கோன் போடணும். கீலு எல்லாம் மாத்தணும். அந்த ஹீட்டரக் கழட்டிரு" என்றாள்.

பாலன் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன்.

"ஃப்ளாட்ட வாடகைக்கு விடப் போறதில்ல" என்றாள் என்னிடம். "மாலினி ஹோட்டல்ல தங்குதோ எங்க தங்குதோ, அது ரூமு அது ரூமாவே இருக்கும். மாசத்துல பத்து நாளு போவோம். அப்புறம் வீட்டுக்கு வந்துருவோம். சரியா?"

நான் கனவு கண்டது அது அல்ல. என் கனவில் திரும்பி வருகிற சாலை எதுவும் கிடையாது. கனவில் எப்போதும் நான் போய்க்கொண்டேதான் இருப்பேன்.

"சரி" என்றேன்.

பாலன் பாரத்தை எடுத்துக்கொண்டு வந்தான். "யாரு பேர்லக்கா போடுறது?"

"என் பேர்ல." அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். முகவரிக் கட்டத்தில் ஆயர் ஈத்தாம், ஒன்பதாவது மாடி என்று அவளே எழுதினாள்.

"அப்ப அண்ணன்?"

"அவரு டிரைவர்."

வேலை எல்லாம் முடிந்து வண்டி கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. அன்று பாலன் சாவியை என் பக்கம் நீட்டினான். நடுவிலேயே வசந்தி வாங்கி, கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எப்பக் கெளம்பணும்னு தோணுதோ எங்கிட்டக் கேளுங்க, தரேன்" என்றாள். "நானும் செருப்பு மாட்டணும்ல."